தோட்டத் திடலில் ஒரு பஃபலோ

170 கிராம். ஒரு போர் விமானத்தின் மொத்தக் கனமே அவ்வளவுதான். நாசி லெமாக் பொட்டலம்கூட இதைவிடக் கனக்கும். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 67 சென்டிமீட்டர். கையிலிருந்து விட்டால் செம்பனை மரங்களுக்கு மேல் ஏறி, வட்டமடித்து, குட்டிக்கரணம் போட்டு, கடைசியில் வயிற்றால் புல்லில் வழுக்கிக்கொண்டு காலடிக்கு வந்து சேரும். அதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து நானே செய்தேன்! மின்சாரத்தில் ஓடும் சின்னஞ்சிறு ரேடியோ விமானங்கள் தரும் சந்தோஷத்தை வேறு எந்தப் பொழுதுபோக்கும் தராது. எந்த மேடையில் ஏற்றிவிட்டாலும் இதைச் சொல்வேன்.

ஒரு காலத்தில் இது பணக்கார விளையாட்டு. எண்ணெய் குடிக்கும் கிளோ எஞ்சின், காதைப் பிளக்கும் சத்தம், ஓடி எழும்ப நீளமான பாதை என்று எல்லாமே பெரிதாக வேண்டும். பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் வந்து அந்தக் கதையையே மாற்றிவிட்டன. கட்டைவிரல் நுனி அளவு மோட்டார், 7.4 வோல்ட் பேட்டரி, விமானத்தின் அசையும் பகுதிகளைத் திருப்ப ஐந்து கிராம் கனமுள்ள இரண்டு சர்வோ, ஒரு ரிசீவர், ஒரு வேகக் கட்டுப்பாட்டுச் சில்லு. எல்லாம் சேர்த்தே எழுபது கிராம் சொச்சம். மிச்சமெல்லாம் நுரைப் பலகையும் பசையும் நம் கைவேலையும்தான்.

சரி, எந்த விமானத்தைச் செய்வது? உலகம் முழுக்க மஸ்டாங்கையும் மெஸ்ஸர்ஷ்மிட்டையும் செய்கிறார்கள், செய்யட்டும். நம் பேராக் வானத்தில் பறந்ததை நாம் செய்வோம். அதற்கு இங்கே கதை இல்லாமலா இருக்கிறது?

பத்து காஜாவில் கெல்லி அரண்மனையைப் பார்க்காத ஈப்போக்காரர் இருக்க மாட்டார். அதைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித், இங்கே வந்த புதிதில் சார்ல்ஸ் ஆல்மா பேக்கர் என்பவரிடம்தான் வேலை பார்த்தார். இந்த ஆல்மா பேக்கர் நியூசிலாந்துக்காரர். நில அளவை, ஈயம், ரப்பர் என்று பேராக்கில் கால் ஊன்றியவர். முதல் உலகப் போரின்போது மலாயாவில் நிதி திரட்டி, பிரிட்டிஷ் வான்படைக்குப் போர் விமானம் போர் விமானமாக வாங்கிக் கொடுத்தார். 'மலாயா' என்ற பெயரையும் ஒரு வரிசை எண்ணையும் தாங்கி அவை பறந்தன. தோட்டத்துப் பணம் அன்றைக்கே இறக்கை கட்டிப் பறந்திருக்கிறது. பால் மரத்தை வெட்டியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அந்த விமானங்களில் நம் தாத்தா பாட்டிகளின் வியர்வையும் உண்டு என்று நான் நெஞ்சை நிமிர்த்தியே சொல்வேன்.

அடுத்தது 1941 டிசம்பர். ஜப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கி வந்தபோது, ஆஸ்திரேலியாவின் 453ஆம் ஸ்குவாட்ரன் ஈப்போ விமானத் தளத்திலிருந்து பறந்தது. அவர்களிடம் இருந்த விமானம்தான் புரூஸ்டர் பஃபலோ. குட்டையாக, பீப்பாய் போல் உருண்ட உடம்பு. எதிரில் வந்ததோ ஒல்லியான, சட்டென்று திரும்பும் நாகாஜிமா ஹயபுசா. சில நாள்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. மாத முடிவுக்குள் படைப்பிரிவு கோலாலம்பூருக்குப் பின்வாங்கியது, ஈப்போவும் கைவிட்டுப் போனது. வரலாற்றுப் புத்தகங்கள் பஃபலோவைத் தோற்ற விமானம் என்று ஒரே வரியில் முடித்துவிடும். எனக்கு அதன்மேல்தான் கொள்ளை ஆசை. நம் ஊரைக் காக்க எழும்பிய விமானம் அது!

கட்டும் கதைக்கு வருகிறேன். நிஜ பஃபலோவின் இறக்கை நீளம் 35 அடி, பரப்பு 209 சதுர அடி. பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கினால் இறக்கையின் பரப்பு ஏறக்குறைய 7.6 சதுர டெசிமீட்டர் வரும். 170 கிராமை அதன்மேல் ஏற்றினால் ஒரு சதுர டெசிமீட்டர் சுமப்பது 22 கிராம்தான். இந்த எண் என்ன சொல்கிறது என்றால், விமானம் மெதுவாகப் போனாலும் விழாது, சின்னத் திடலிலும் திரும்பும். கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஐந்து மில்லிமீட்டர் நுரைப் பலகையில் பக்கங்களை வெட்டி, குறுக்குச் சட்டங்களை ஒட்டினேன். அந்தப் பீப்பாய் உடம்புக்கு வளைவு கொடுப்பதில்தான் கைத்திறனே இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் நுரைத் தாளை எடுத்து, ஒரு பக்கத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு கோடாகப் பேனாவால் அழுத்தி, மேசை விளிம்பில் மெல்ல இழுத்து இழுத்துப் பழக்கினால், தாள் தானாகச் சுருளத் தொடங்கும். முதலில் முரண்டு பிடிக்கும். பிறகு உள்ளங்கைச் சூட்டுக்கு இளகி, சட்டங்களின் மேல் போய் அப்படியே படியும். அந்த நொடியில், அதுவரை பலகையாகக் கிடந்தது பஃபலோவாக மாறிவிடும். அதற்கு ஈடான ஆனந்தம் எதுவும் எனக்குத் தெரியாது.

இறக்கைக்குள் மூன்று மில்லிமீட்டர் கார்பன் கம்பி ஒன்று. பேட்டரி மூடிக்குப் பொட்டுக் காந்தம் இரண்டு. இறக்கையைப் பிடித்து வைக்கும் ரப்பர் வளையங்களை மாட்டுவதற்குச் சாத்தே குச்சி. கடையில் விற்கும் எந்தச் சாமானும் சாத்தே குச்சி அளவுக்குப் பொருந்தாது, நம்புங்கள்!

பஃபலோவுக்கு மூக்கு குட்டை, அதனால் வால் பக்கம் கனத்துவிடும். இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து கால் பங்கு தள்ளி இரண்டு ஆள்காட்டி விரல்களால் தாங்கினால், விமானம் சமமாக நிற்க வேண்டும், அல்லது மூக்கு ஒரு பொட்டுத் தாழ வேண்டும். அதற்காகப் பேட்டரியை மோட்டாருக்கு ஒட்டினாற்போல் முன்னால் தள்ளி, வாலில் பெயின்ட்டைக்கூட ஒரு பூச்சோடு நிறுத்தினேன். அன்றைய விமானிகளும் இதையேதான் செய்தார்கள் என்று படித்தபோது சிலிர்த்துப்போனேன். பஃபலோ கனத்தால் திணறுகிறது என்று கவசத் தகட்டைக் கழற்றியிருக்கிறார்கள், பெரிய துப்பாக்கிகளை எடுத்துவிட்டுச் சிறியதை மாட்டியிருக்கிறார்கள், எரிபொருளையும் குறைத்திருக்கிறார்கள். அவர்கள் உயிருக்காகக் கிலோ கிலோவாகக் குறைத்ததை நான் மேசையில் கிராம் கிராமாகக் குறைத்தேன். எந்தப் புத்தகமும் இந்த அளவுக்கு அந்த மனிதர்களை எனக்குப் பக்கத்தில் கொண்டுவரவில்லை.

பறக்கவிட்டது சுங்கை சிப்புட் பக்கம், ஒரு பழைய தோட்டத்துத் திடலில். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. லயங்களும் போய்விட்டன. மாரியம்மன் கோயிலும் பந்து விளையாடிய திடலும் மட்டும் இருக்கின்றன. காலை ஏழரை மணிக்கு, காற்று எழும்புவதற்கு முன், சுண்ணாம்புக் குன்றுகளில் பனி கலையும் நேரம்தான் இதற்குத் தங்கமான நேரம். கோயிலுக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"என்னா தம்பி, இந்தப் பொம்மையா பறக்கப் போவுது?"

"பறக்கும் தாத்தா, பாருங்க!"

முக்கால் விசை கொடுத்து, காற்றுக்கு எதிராக, மூக்கைக் கொஞ்சம் தூக்கினாற்போல் நேராகத் தள்ளினேன். ப்ரொப்பெல்லர் சுழற்சியால் விமானம் இடப்பக்கம் சாயப் பார்க்கும். மோட்டாரை முன்கூட்டியே இரண்டு பாகை வலப்பக்கமும் இரண்டு பாகை கீழ்ப்பக்கமும் திருப்பி வைத்திருந்ததால், பஃபலோ கோடு போட்டதுபோல் நேராக ஏறியது. கரும்பச்சையும் மண் நிறமும் பூசிய அந்தக் குண்டு உடம்பு குன்றுகளின் முன்னால் திரும்பியபோது, எண்பது வருடம் மறைந்துபோனது. தாழ்வாக அது எங்களைத் தாண்டிப் போகையில் பெரியவர் கைதட்டினார். "இன்னொரு சுத்து விடு தம்பி!" என்றார். பேட்டரி தீரும்வரை விட்டேன்.

புதிதாகக் கட்டுவது ஒரு சுகம் என்றால், இருப்பதை மாற்றி எடுப்பது இன்னொரு சுகம். அமெரிக்காவில் 1926இல் தொடங்கிய கில்லோஸ் நிறுவனத்தின் பால்சா மரக் கிட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரை முறுக்கிவிட்டுப் பறப்பதற்கென்று வடிவமைத்த போர் விமானங்கள் அவை. அந்த முறுக்கு ரப்பரை எடுத்துவிட்டு மோட்டாரை வைத்து, வாலில் அசையும் பகுதியைப் பிளந்து, மெல்லிய நாடாவால் கீல் போட்டு, சர்வோவைப் பொருத்தினால், திசை தெரியாமல் போய்க்கொண்டிருந்த விமானம் நம் சொல் பேச்சுக் கேட்கும். விலா எலும்புகள் தெரியும் அந்த மரக்கூட்டின் மேல் மெல்லிய தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்துக் காயவைத்தால், தாள் தோல்போல் இறுகி நிற்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இந்தக் கலை பிறந்ததே ரப்பரில்தான். 1871இல் பிரான்சின் அல்ஃபோன்ஸ் பெனோ, முறுக்கிய ரப்பரால் ஓடும் மாதிரி விமானத்தைப் பாரிஸ் பூங்காவில் பறக்கவிட்டார். ஆறே வருடம் கழித்து, 1877இல், சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். உலகத்துப் பிள்ளைகள் முறுக்கிவிட்ட ரப்பரில் நம் தோட்டங்களின் பாலும் கலந்திருக்கும். இறக்கையின்மேல் வளையத்தை மாட்டும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது மேசையில் கிடப்பது ஸ்பிட்ஃபயர். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தது. அடுத்த மாதமே 60ஆம் ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர்கள் பேராக் காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்ட் கொரில்லாக்களைத் தாக்கின. 1951 ஜனவரி முதல் தேதியோடு, ஜொகூர்க் காட்டில், பிரிட்டிஷ் வான்படையில் ஸ்பிட்ஃபயரின் தாக்குதல் பணியே முடிந்தது. ஐரோப்பாவில் புகழ் பெற்ற விமானத்தின் கடைசி அத்தியாயம் நம் மண்ணில்தான் எழுதப்பட்டது. இந்த விமானங்கள் சாவைச் சுமந்து பறந்தவை என்பதை நான் மறக்கவில்லை. அந்தக் காலத்தைப் பயந்து கடந்த தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் அதே வானத்தில் அவற்றை விளையாட்டாக்கிப் பறக்கவிடுகிறோம். இதைவிட நல்ல முடிவு அந்தக் கதைக்கு வேண்டுமா?

ஆசை வந்துவிட்டதா? பாசார் மாலாமில் கையால் வீசி விளையாடும் நுரை விமானம் விற்பார்கள், ஒன்று வாங்குங்கள். பழைய பொம்மை ட்ரோனிலிருந்து இரண்டு குட்டி மோட்டாரை எடுத்து இறக்கைக்கு ஒன்றாக ஒட்டுங்கள். ஒன்றின் வேகத்தைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் விமானம் திரும்பும், அதற்குச் சர்வோகூட வேண்டாம். பேட்டரியை வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போகாதீர்கள். பறக்காத நாளில் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். விமான நிலையத்தின் பக்கமே போகாதீர்கள், 400 அடிக்கு மேல் ஏற்றாதீர்கள். வீடுகளுக்கும் ஆட்களுக்கும் மேல் பறக்கவிடாதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடாக இருந்தால் இன்றைக்கே தொடங்குங்கள். விகிதம், பரப்பு, சமநிலை, மின்சாரம், ஊர் வரலாறு எல்லாவற்றையும் ஒரு நுரைப் பலகை சொல்லிக் கொடுத்துவிடும், அடம்பிடிக்காமல் கற்றும் கொள்வார்கள். எந்தத் திடல், எத்தனை மணி என்று மட்டும் சொல்லுங்கள். பேட்டரியை நிரப்பிக்கொண்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியும் கையுமாக முதல் ஆளாக வந்து நிற்பேன்.