ஷ்ரோடிங்கர் சமன்பாடு: அலைவது எது?

குவாண்டம் இயக்கவியலை விளக்க வரும் வீடியோக்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் குளத்துல ஒரு கல்லைப் போட்டுத்தான் ஆரம்பிக்கின்றன. வளையம் வளையமா அலை பரவும். "எலக்ட்ரானும் இப்படித்தான்"னு சொல்லிவிட்டு நேரே ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு அந்தக் குளம்தான் பிரச்னை.

குளத்தில் ஏறி இறங்குவது தண்ணீர். இந்தச் சமன்பாட்டில் ஏறி இறங்குவது 'ஸை' என்கிற ஒரு சார்பு. ('சை'ன்னு எழுதினா திட்டுற மாதிரி இருக்கு.) அதன் மதிப்பு ஒரு கலப்பெண். எந்த மீட்டரை வைத்தும் நேரடியாக அளக்க முடியாது.

1926-ல் சமன்பாட்டை வெளியிட்ட ஷ்ரோடிங்கரே முதலில் இதை நிஜ அலையாகத்தான் பார்த்தார்: எலக்ட்ரானின் மின்னூட்டம் வெளியில் பரவிக் கிடக்கிறது என்று. ஹைட்ரஜனுக்கு இது அழகா பொருந்தும். ஒரே எலக்ட்ரான், அதன் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள், நம்ம வெளிக்கும் மூன்று பரிமாணம். ஹீலியத்துக்கு வந்தால் இடிக்குது. எலக்ட்ரான் இரண்டு, எண்கள் ஆறு. ஆனா அலை ரெண்டு இல்லை; ஆறு பரிமாணத்தில் ஒரே ஸை. லோரன்ஸ் அதே வருஷம் மே மாதம் ஷ்ரோடிங்கருக்கு எழுதிய கடிதத்தில் கைவைத்தது இங்கேதான்.

புரோக்ராமர் கணக்காகவே பார்ப்போம். ஒவ்வொரு அச்சுக்கும் வெறும் 10 புள்ளி. ஹைட்ரஜனுக்கு 1,000 கலப்பெண்கள் போதும். ஹீலியத்துக்கு 10 லட்சம். ஆறு எலக்ட்ரான் உள்ள கார்பனுக்கு 18 அச்சு, அதாவது 1-க்குப் பின்னால் 18 சைபர். ஒன்றுக்கு 16 பைட் என்றால் 1.6 கோடி டெராபைட். ஒரே ஒரு அணுவுக்கு! ஸ்பின்னை இன்னும் சேர்க்கவே இல்லை. குளத்தில் எத்தனை கல் போட்டாலும் குளம் அதே சைஸ்தான்.

ஏன் இப்படி வீங்குது? அதே 1926-ல் மாக்ஸ் போர்ன் சொன்னதைச் சேர்த்துப் படித்தால் புரியும். ஸையின் அளவை வர்க்கப்படுத்தினால் கிடைப்பது நிகழ்தகவு. (வர்க்கம் என்பதை அவர் கட்டுரையில் ஒரு அடிக்குறிப்பாகத்தான் போட்டார், 1954-ல் நோபல்.) ஹீலியத்தில் "ஒன்று இங்கே, இன்னொன்று அங்கே" என்கிற ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி எண் வேணும். அந்த அட்டவணை நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதைத்தான் சமன்பாடு சொல்கிறது.

வெறும் நிகழ்தகவு அட்டவணைன்னும் விட்டுவிட முடியாது. நிகழ்தகவுகள் கூடத்தான் செய்யும். ஸைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகவும் ஆகும். இரட்டைப் பிளவுச் சோதனையில் இருட்டுப் பட்டைகள் வருவது அதனால்தான். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் குளத்துக்கு மார்க் போடலாம். அடுத்த பக்கத்திலேயே ஹீலியத்தைக் கொண்டுவந்துடணும், அவ்வளவுதான்.