1978: 'பிரியா'வுக்கு மூன்றாம் இடம்

1978 இளையராஜா படங்களை வரிசைப்படுத்தச் சொன்னால், ஜொகூர் பாருவில் எங்கள் தலைமுறை யோசிக்காமல் 'பிரியா' என்றுதான் சொல்லும். காஸ்வேக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிங்கப்பூர் படத்தில் வருதே, விடுவோமா? ஸ்டீரியோ ஒலி, ஜேசுதாஸ் குரல். கேட்க சுகம்தான். ஆனா எனக்கு மூன்றாம் இடம். பளபளப்பு கொஞ்சம் கூடிப்போச்சு.

இரண்டாவது, 'முள்ளும் மலரும்'. கர்நாடக, இந்துஸ்தானிப் பயிற்சி பெற்ற வாணி ஜெயராமை, சாப்பாட்டை நினைத்துச் சப்புக்கொட்டிப் பாட வைத்த துணிச்சலுக்காகவே.

முதலிடம் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்'. மூணே பாட்டு, இதெல்லாம் ஓர் ஆல்பமா என்பார்கள். கமல்ஹாசன், ஜானகி, ஜேசுதாஸ், ஆளுக்கொன்று. இட்டு நிரப்பிய பாட்டு ஒன்றுகூட இல்லை. கமல் குரலில் பாடகருக்குரிய மெருகு கிடையாது, நண்பன் பேசுகிற மாதிரி இருக்கும். ஜேசுதாஸ் பாட்டோ பியானோவோடு அவ்வளவு கனிவாக ஆறுதல் சொல்கிறது. படத்தில் அதைப் பாடுகிறவன்தான் பிறகு மஞ்சுவைக் கைவிடுகிறான். அது தெரிஞ்ச பிறகும் பாட்டின் இனிமை துளிகூடக் குறையல. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.