மதுரைப் பாதமும் மூலிகைச் சாறுகளும்: தாவர ஆய்வு முறைகள் குறித்த ஒரு மதிப்பீடு

மதுரையின் பெயரைத் தாங்கி உலக மருத்துவ நூல்களில் நிலைபெற்ற நோய் ஒன்று உண்டு. மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்பார் 1842இல் விவரித்த ‘மதுரைப் பாதம்’ அது. பின்னர் வான்டைக் கார்ட்டர் பூஞ்சையை அதன் காரணியாகக் காட்டி, ‘மைசீட்டோமா’ எனப் பெயரிட்டார். வெறுங்காலுடன் வயலில் உழைப்போரின் பாதத்தில் முள் தைத்த வழியே கிருமி புகுகிறது. பூஞ்சை வகையில் இட்ரகோனசோலைப் பல மாதங்கள் உட்கொண்டும் குணமடையாது காலை இழப்போர் உளர். உலக நல அமைப்பு 2016இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் சேர்த்தது.

மருந்துக்கு அடங்காத தொற்றுகளுக்குத் தாவரங்களில் மாற்றுத் தேடும் ஆய்வுகளை மதிப்பிட இந்நோய் ஒரு நல்ல உரைகல். அவ்வாய்வுகள் பலவற்றின் போக்கு ஒன்றே: இலையை உலர்த்தி, மெத்தனாலில் சாறெடுத்து, வட்டுப் பரவல் முறையில் தடைவளையத்தை மில்லிமீட்டரில் அளந்து, ‘சிறந்த செயல்திறன்’ என முடித்தல். நீரில் கரையாச் சேர்மங்கள் அகாரில் எளிதில் பரவுவதில்லை. எனவே வளையத்தின் அகலம் ஆற்றலின் அளவாகாது. சாற்றுக்கு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்பட்ட செறிவுகளைத் தவிர்க்க வேண்டும் என்று ரியோசும் ரேசியோவும் 2005இலேயே வரையறுத்தனர். அவ்வரம்பைக் கடந்த முடிவுகள் இன்றும் அச்சேறுகின்றன.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது சித்த மருத்துவத்தைச் சான்றாகக் காட்டும் முறை. முன்னுரையில் குடிநீர் பேசப்படுகிறது. சோதனைக்குழாயில் இருப்பதோ எத்தில் அசிட்டேட் சாறு. நோயாளி எவரும் அருந்தாத ஒன்றை ஆராய்ந்துவிட்டு மரபு மெய்ப்பிக்கப்பட்டது என்பது மரபுக்கும் நீதியன்று, ஆய்வுக்கும் நீதியன்று.

ஸ்டெர்மிட்ஸ் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. மரமஞ்சளிலும் உள்ள பெர்பெரினை ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி தன் ‘நார்-ஏ’ வெளியேற்றியால் புறந்தள்ளுகிறது. பெர்பெரினைத் தரும் பெர்பெரிஸ் இனச் செடிகள் சிலவற்றிலேயே அவ்வெளியேற்றியை முடக்கும் 5′-மெத்தாக்சிஹிட்னோகார்ப்பின் கண்டறியப்பட்டது. தொழுநோய்க்கு வழங்கிய சால்மூக்ரா எண்ணெயில், அதாவது நம்மவர் அறிந்த நீரடிமுத்து இனத்து எண்ணெயில், முன்பே அறியப்பட்ட சேர்மம் அது. தனித்து நின்றால் அதற்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் இல்லை. வட்டுப் பரவல் முறையில் சோதித்திருந்தால் ‘செயலற்றது’ என்ற பட்டியலில் மறைந்திருக்கும். அம்முறையில் இவ்வாறு கழிக்கப்பட்ட பின்னங்கள் எத்தனையோ!

குர்குமினின் நிலை இதற்கு நேர்மாறு. அது பலவகைச் சோதனைகளில் குறுக்கிட்டுப் பொய்யான நேர்முடிவு தரும் இயல்புடையது என நெல்சன் குழுவினர் 2017இல் விரிவாகக் காட்டினர். எனினும் மஞ்சள் சார்ந்த கட்டுரைகள் பல இதனைக் கருதுவதே இல்லை.

மதுரைப் பாதத்தில் பூஞ்சை திசுவினுள் தனி உயிரணுவாகத் திரிவதில்லை; கெட்டியான கருமணியாகத் திரண்டு கிடக்கிறது. மதுரெல்லா மைசீட்டோமாட்டிசின் மெலனின் இட்ரகோனசோலின் ஆற்றலையே மழுக்குகிறது. ஆதலின் அழகர்மலைச் செடியின் சாறு திரவ ஊடகத்தில் பூஞ்சை இழையைத் தடுத்தது என்னும் செய்தி தொடக்கம் மட்டுமே. அம்மணியினுள் அது ஊடுருவுமா, அதற்கு வேண்டிய செறிவில் மனித உயிரணு பிழைக்குமா என்னும் இரண்டையும் ஒரே கட்டுரையில் சோதித்துக் காட்டும் பொறுப்பு ஆய்வாளருடையது. அதனைக் கேட்டுப் பெறும் பொறுப்பு மதிப்பீட்டாளருடையது.