ஒற்றை ஓட்டுக்கு அடுத்து ஒரு நாற்காலி

2021 ஏப்ரல் 4. சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டே நாள் பாக்கி. பிரசாரம் ஓயும் நேரத்தில், தியேட்டர் பக்கமே போகாமல் நேராக விஜய் டிவியில் வந்து இறங்கியது மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’. அரசியல் நையாண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஒளிபரப்பு நேரம் தமிழில் அமைந்ததில்லை. அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் அறிமுக இயக்குநர், வசனம் என இரண்டு இதற்குக் கிடைத்தன. ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்தியது யோகி பாபுவின் நடிப்பு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சூரங்குடியில் வடக்கூருக்கும் தெற்கூருக்கும் ஆகாது. கட்டிய கக்கூஸில் யார் முதலில் போவது என்று சண்டை போட்டு, கடைசியில் அதையே இடித்துப் போடும் ஊர். அங்கே ஆலமரத்தடியில் முடிவெட்டுகிறவரை (யோகி பாபு) ஊரே ‘இளிச்சவாயன்’ என்கிறது. அவர் தபால் நிலையத்தில் கணக்குத் தொடங்கப் போகிறார். தேன்மொழி (ஷீலா ராஜ்குமார்) பெயரைக் கேட்கிறார். சொல்ல ஒரு பெயர் இல்லை.

இந்த இடத்தில் வேறொரு நடிகர் கண்ணைக் கசக்கியிருப்பார். பழைய யோகி பாபுவாக இருந்தால் ஒரு கவுண்டர் அடித்துவிட்டு நகர்ந்திருப்பார். இரண்டையும் அவர் செய்யவில்லை. பெயர் இல்லாதது அவமானம் என்பதே இன்னும் உறைக்காத ஒரு மனிதனின் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். உறைப்பது நமக்குத்தான். அவர் உருவத்தைக் கேலி செய்தே எத்தனையோ படங்கள் கைதட்டல் வாங்கின. இதில் சிரிப்பு முழுக்க அவரைச் சுற்றி நிற்கும் அதிகாரத்தின் மேல் விழுகிறது.

அதைவிடக் கடினமான வேலை அதற்குப் பிறகு வருகிறது. நெல்சன் மண்டேலா என்ற பெயரில் வாக்காளர் அட்டை வந்து, அந்த ஒரு ஓட்டில்தான் ஊராட்சித் தலைவர் யார் என்பதே முடிவாகும் என்று ஆனதும், இரண்டு தரப்பும் அவரைத் தாங்குகின்றன. அவருக்கும் அந்தச் சுகம் பிடித்துப்போகிறது. பேராசையும் வருகிறது. ஒடுக்கப்பட்டவர் என்றால் அப்பழுக்கில்லாத நல்லவராகத்தான் காட்ட வேண்டும் என்ற நம் சினிமாவின் பழக்கத்தை யோகி பாபு இங்கே உடைக்கிறார். ஆசைப்படுகிற, தடுமாறுகிற, பிறகு சுதாரித்து ஊருக்காகக் கேட்கிற ஒரு முழு மனிதன் கிடைக்கிறான். என் கணக்கில் இன்றுவரை அவருடைய மிகச் சிறந்த நடிப்பு இதுதான்.

ஆனாலும் மண்டேலா ஓட்டுப் போடுகிறவர்தான்; ஆளுகிறவர் இல்லை. அந்த அடுத்த படியைக் கனடாவில் ஒரு தொலைக்காட்சிப் படம் தொட்டிருக்கிறது. 2007-ல் வந்த ‘எலைஜா’, பழங்குடி அரசியல்வாதி எலைஜா ஹார்ப்பரின் கதையை நையாண்டி கலந்து சொன்னது. கனடாவின் அரசியல் சட்டத்தை மாற்றும் மீச் லேக் ஒப்பந்தத்தில் பழங்குடிகளோடு யாரும் கலந்து பேசவில்லை. 1990 ஜூனில் மனிடோபா சட்டமன்றம் அதை அவசரமாக எடுத்துக்கொள்ள உறுப்பினர் அத்தனை பேரின் சம்மதமும் தேவைப்பட்டது. கையில் கழுகிறகோடு ஹார்ப்பர் திரும்பத் திரும்ப மறுத்தார். கெடு முடிந்தது, ஒப்பந்தமும் காலாவதியானது. அவராக நடித்த பில்லி மெராஸ்டியும் பழங்குடியினத்தவரே.

நம்மிடம் இப்படி ஒரு படத்துக்குக் கதை இல்லையா? தமிழக சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே இரண்டுதான் பழங்குடியினருக்கு. உள்ளாட்சியில் நாற்காலி கிடைத்தாலும் உட்காரவிடுகிறார்களா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. சிதம்பரத்துக்குப் பக்கத்தில், தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவராகத் தேர்வான பட்டியலினப் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த புகைப்படம் 2020 அக்டோபரில் நாட்டையே உலுக்கியது. மற்றவர்கள் பலர் நாற்காலியில் இருந்தார்கள். சூரங்குடி கற்பனை ஊர். தெற்குத்திட்டை வரைபடத்தில் இருக்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பிச்சாவரம். ‘இதயக்கனி’யில் எம்.ஜி.ஆர். வந்துபோன 1975 முதல், ‘துப்பறிவாளன்’ வந்த 2017 வரை, அந்தச் சுரபுன்னைக் காடும் வாய்க்கால்களும் சினிமாவுக்குப் படகு ஓட்டவும் சண்டை போடவும் பயன்பட்டிருக்கின்றன. அதே வாய்க்கால்களில் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர் பழங்குடியினர் மட்டும் அந்தக் கேமராக்களுக்குள் வந்ததாகத் தெரியவில்லை. ‘ஜெய் பீம்’ கடலூர் மாவட்டத்து வழக்கிலிருந்து பிறந்தது. இருளர் துயரத்தை உலகத்துக்கே காட்டியது. லிஜோமோல் ஜோஸின் செங்கேணி மறக்க முடியாத நடிப்பு. ஆனால் அவர் கேரளத்துக்காரர், படத்தில் இருளர் நீதி கேட்டு நிற்பவர்கள் மட்டுமே.

நீதி கேட்கும் இருளர் ஒருவர் ஒரு நாள் ஊராட்சித் தலைவராகி, ஆணையில் கையெழுத்துப் போடுபவராக மாறும்போது அலுவலகம் என்னவெல்லாம் செய்யும், உடன் இருப்பவர்கள் எப்படியெல்லாம் குழைவார்கள், எப்படியெல்லாம் முட்டுக்கட்டை போடுவார்கள்! நையாண்டிக்கு இதைவிட வளமான களம் கிடையாது. பெரிய பட்ஜெட் வேண்டாம். ‘மண்டேலா’ போல டிவிக்கே நேராக வரட்டும்.

மடோன் அஸ்வின் போன்ற இயக்குநர்களுக்கும் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தப் படத்தைப் பிச்சாவரத்தில் எடுங்கள். தலைவர் வேடத்துக்கு இருளர் குடியிருப்பிலிருந்தே ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.