படப் பலகையில் வேற்றுமை உருபு

பேச்சு வராத பிள்ளை ஒன்று, டேப்லெட் என வழங்கும் பலகைக் கணினியில் மூன்று படங்களைத் தொடுகிறது: அண்ணன், நான், அடி. கருவி மூன்று சொற்களையும் அப்படியே ஒலிக்கிறது. அடித்தவர் யார்? அடிபட்டவர் யார்? ஆங்கிலத்தில் இக்குழப்பத்திற்கு இடம் குறைவு. அங்கே சொல் நிற்கும் இடமே எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்பதைக் காட்டிவிடும். தமிழில் "அண்ணன் என்னை அடித்தார்" என்றாலும் "என்னை அண்ணன் அடித்தார்" என்றாலும் பொருள் ஒன்றே. பொருளைத் தாங்கி நிற்பது "ஐ" என்னும் சிற்றுருபு. அந்த உருபுக்குப் படம் இல்லை.

அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்காக அமையும் செயலிகளை மதிப்பிடுவோர் இவ்விடத்திலிருந்து தொடங்குவது நலம். படத்தைத் தொட்டதும் குரல் எழுவது கண்டு வியப்பது இயல்பு. ஆனால் வியப்பு மதிப்பீடாகாது. தனக்கு நேர்ந்த தீங்கைச் சொல்ல முயலும் பிள்ளையைக் கருவியே தடுமாறச் செய்யுமாயின், அதன் வண்ணங்களால் பயன் என்ன?

ஒரு படத்துக்கு ஒரு சொல் என்னும் அமைப்புக்கு நீண்ட மரபு உண்டு. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்த சார்லஸ் பிளிஸ், நாஜிகளுக்குத் தப்பி ஷாங்காயில் தங்கியிருந்தபோது சீன எழுத்துகளைக் கண்டு, எம்மொழியினரும் படிக்கத்தக்க குறியீடுகளை 1942இல் அமைக்கத் தொடங்கினார். 1949இல் அவை நூலாயின. உலக ஒற்றுமைக்கென அவர் ஆக்கியதை உலகம் பொருட்படுத்தவில்லை. 1971இல் கனடாவின் டொரொன்டோ நகரில், மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத குழந்தைகளுக்கு அக்குறியீடுகள் பயன்பட்டன. பிற்காலத்துப் படப் பலகைகள் பலவற்றுக்கும் அம்முயற்சி வழிகாட்டியது. 2009இல் புரோலோகுவோ2கோ என்ற ஆங்கிலச் செயலி வந்தது. மறு ஆண்டு ஐபேடு வந்ததும் இவ்வகைச் செயலிகள் பரவின. ஆனால் அதன் விலை நெடுங்காலம் ஏறத்தாழ 250 அமெரிக்க டாலர். தோட்டத்துத் தொழிலாளர் குடும்பம் எட்டிப் பார்க்கும் விலையன்று அது.

சென்னையில் பிறந்த "ஆவாஸ்" இவ்வகையில் தனிச் சிறப்புடையது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன், 1985இல் தோன்றிய வித்யா சாகர் நிறுவனத்தின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் பழகி அதனை உருவாக்கினார். முதலில் தனிக் கருவியாக வந்தது, பின்னர் 2012இல் ஐபேடுச் செயலியாயிற்று. 2011இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்ப இதழ் வெளியிட்ட இளம் புத்தாக்குநர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

பாராட்டுக்குரிய முயற்சியே. எனினும் அதன் பிறப்பிலேயே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். மூளை முடக்குவாதம் உடலசைவைத் தாக்குவது. அஃது உடையோர் பலரின் அறிவாற்றலில் குறை எதுவும் இராது. நாவும் கையும் இணங்காத அவர்களுக்குக் கருவி ஒரு குரல். அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கோ குரல் மட்டும் போதாது. நினைவில் வைக்க வேண்டியது குறைய வேண்டும். பொத்தான் இடம் மாறலாகாது. தவறித் தொட்டால் திரும்பும் வழி எப்போதும் ஒரே மூலையில் இருக்க வேண்டும். விடைக்குக் கருவி பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2023இல் ஐபோனுக்கும் ஐபேடுக்கும் தந்த எளிய முகப்பு அமைப்பு இதனை உணர்ந்தது: சில பெரிய கட்டங்கள், திரையின் அடியில் பெரியதொரு "பின்செல்" பொத்தான். ஒருவருக்காகச் செய்த கருவியை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, "இவருக்குப் புரியவில்லை" என்று முடிவு கட்டுவது தவறு.

அஜித் நாராயணனே இன்னொரு வழியையும் காட்டினார். 2013இல் டெட் மேடையில் அவர் விளக்கிய "ஃப்ரீஸ்பீச்" முறையில் சொற்கள் வரிசையாக நிற்பதில்லை. "சாப்பிடு" என்ற சொல் நடுவே நிற்க, யார், என்ன, எப்போது என்ற கேள்விகளின் விடைகள் அதனோடு கோடுகளால் இணைகின்றன. வாக்கியத்தை முடைவது கருவியின் வேலை. ஆவாஸ் பெற்ற புகழில் சிறு பங்கையே இக்கருத்து பெற்றது என்றாலும், தமிழுக்கு மிக நெருங்கியது இதுவே.

காரணம் தமிழிலக்கணத்திலேயே உள்ளது. தொல்காப்பியர் வேற்றுமைகளை ஐ, ஒடு, கு என உருபுகளாலேயே பெயரிட்டார். நம் வினாச் சொற்களும் அதே உருபுகளைச் சுமந்தே வருகின்றன. யாரை என்று கேட்டால் அண்ணனை. யாருக்கு என்றால் அண்ணனுக்கு. யாரோடு என்றால் அண்ணனோடு. வினாவின் ஈறே விடையின் ஈறு. ஆங்கிலத்தில் இவ்வளவு தெளிவாக இது அமையாது. ஆகவே "அண்ணன், நான், அடி" எனப் பிள்ளை தொட்டதும், கருவி "யாரை?" என்று ஒருமுறை கேட்டு இருவர் படத்தையும் காட்டினால், ஒரே தொடுதலில் குழப்பம் தீரும். எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டால் அது விசாரணையாகிவிடும். "சோறு, வேணும்" என்பதற்குக் கேள்வி எதற்கு? ஆட்கள் இருவர் வரும் இடத்தில் கேட்டால் போதும்.

வேற்றுமைக்கு அடுத்தது மரியாதை. ஆங்கிலத்தில் "வா" என்பதற்கு ஒரு பொத்தான் போதும். தமிழ்ப் பிள்ளை தாத்தாவைப் பார்த்து அதே பொத்தானை அழுத்தினால், பெரியவரை "வா" என்று அழைத்ததாகும். வீட்டார் சிரிப்பார்கள், அல்லது கடிவார்கள். இரண்டிலும் பிள்ளை சுருங்கிவிடும். முதலில் தாத்தா படத்தைத் தொட்டிருந்தால் "வாங்க" என்று ஒலிக்கக் கருவியைப் பழக்குவது பெரிய வித்தையன்று.

பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறாக இருப்பது இன்னொரு சிக்கல். வீட்டில் "தண்ணி வேணும்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கருவி "தண்ணீர் வேண்டும்" என்று செய்தி வாசித்தால், ஒரே பொருளை இருமுறை கற்க வேண்டியதாகிறது. செந்தமிழில் பற்றுடையோர் இங்கே முகம் சுளிக்கலாம். ஆனால் கற்றல் அரிதாக இருப்பவரிடம் இருமடங்கு உழைப்பைக் கேட்பது தமிழ்த்தொண்டாகாது.

இவற்றைச் சித்தியவான் வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் மேலும் தெளிவாகும். இங்கே ரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறின. லயங்களில் வாழ்ந்தோர் பலர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். லயத்தில் பேச்சு வராத பிள்ளையின் கைச்சாடை அண்டை வீட்டார்க்கெல்லாம் பழக்கம். தாமானில் அக்கம்பக்கம் புதிது. அங்கே கருவியின் தேவை மிகுதி. வீட்டிலே பசியாறுவது தமிழில்; சிறப்புக் கல்வி வகுப்பிலே பெரும்பாலும் மலாய். சென்னைப் பிள்ளைக்கு இட்லியும் ஆட்டோவும் வேண்டுமெனில், இப்பிள்ளைக்கு நாசி லெமாக்கும் பாசார் மாலாமும் வேண்டும், ஆசிரியர் "சிக்கு". இரு மொழிக்கும் இரு வேறு பலகைகள் தருவது பெருந்தவறாகும். சாப்பிடு என்னும் படம் நிற்கும் இடத்திலேயே "மாக்கான்" என்பதும் நிற்க வேண்டும்; குரல் மட்டும் மாறலாம். கை பழகிய இடத்தைக் கண் தேட வேண்டியதில்லை.

படங்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்பெயின் நாட்டு அரகோன் வட்டார அரசின் ஆதரவில் வெளிவரும் "அராசாக்" படங்களை வணிக நோக்கின்றி எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். பஞ்சம் இருப்பது கேட்கும் வழக்கத்திற்குத்தான். மலேசியா உடற்குறையுடையோர் சட்டத்தை 2008இல் இயற்றி, ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை 2010இல் ஏற்றது. எளிய மொழியும் மாற்றுத் தொடர்பு முறைகளும் அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் உறுப்பிலேயே "தொடர்பு" என்பதன் இலக்கணத்தில் அடங்கும். கற்றல் குறைபாடுடையோர் தாமே பேசும் "யுனைடெட் வாய்ஸ்" என்ற சங்கமும் இந்நாட்டில் உண்டு. செயலி செய்வோர் பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்பதோடு நின்றுவிடாமல், அத்தகையோர் கையில் கொடுத்து எங்கே விரல் தயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதற்பக்கமே மாறும். பிஸ்கட்டும் விளையாட்டும் கேட்கும் படங்களே முன்னால் நிற்பது, பெரியவர்கள் பிள்ளையிடம் கேட்க விரும்புவது அவற்றையே என்பதால். "வேணாம்", "வலிக்குது", "அடிச்சாங்க" ஆகியவை எத்தனை பக்கம் தள்ளி இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தல் எளிது. நாற்பது வயது ஆடவரின் திரையில் கரடிக்குட்டி சிரிப்பதும் இவ்வகையதே. அவர் கேட்க விரும்புவது கோப்பிக் கடைக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்பதாக இருக்கும், அதற்குக் கடிகாரமும், கடையின் உண்மையான புகைப்படமும், "எப்ப?" என்ற ஒரு பொத்தானும் போதும்.