இலவச மருந்தும் இழக்கும் பேரும்

இலங்கையின் அரச ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் நுவரெலியா, ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் வைத்தியத்துக்கும் ஒரு விலை உண்டு: அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம். நாட்சம்பளத்தில் கொழுந்தெடுக்கும் பெண் கிளினிக்குக்குப் போனால் அன்று பேர் இல்லை. பஸ், ஆட்டோச் செலவு வேறு. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்பது பற்றிய நெடுநாள் விவாதத்தை இந்த விலையைக் கொண்டே எடைபோட வேண்டும்.

தோட்ட வைத்திய முறையின் பலம் அண்மை. 1872இலும் 1912இலும் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள் கூலிகளின் வைத்தியச் சுமையைத் தோட்டக்காரர்மீது வைத்தன. தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து நடந்தே போகக்கூடிய டிஸ்பென்சரி அந்த வழியில் வந்தது. குளவி கொட்டினாலும் கவ்வாத்துக் கத்தி வெட்டினாலும் முதலில் ஓடுவது இன்றும் அங்கேதான். அதன் குறை உடைமையில் இருக்கிறது. அங்கிருப்பவர் பெரும்பாலும் டாக்டர் அல்லர், வைத்திய உதவியாளர். அவருக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம். ஓய்வு தேவை என்று சொல்ல வேண்டியவர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் ஆள் குறையக் கூடாது என்று நினைப்பவரிடமே சம்பளம் வாங்குகிறார். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபின், இலாபக் கணக்கும் இந்த நெருக்கடியோடு சேர்ந்துகொண்டது.

அரசின் சேவை லயம்வரை வந்த இடத்தில் பலன் தெரிகிறது. குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணிகளைத் தேடிவந்து பதிந்தார். பிரசவம் லயக் காம்பராவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாறியது. ஆனால் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். பிரசவம் எப்போதோ வருவது. அதற்காகச் சில பேரை இழக்கலாம். பிள்ளையின் வளர்ச்சி அன்றாடச் சாப்பாட்டையும் தாய்க்குக் கிடைக்கும் நேரத்தையும் பொறுத்தது. பிரஷரும் சீனியும் அப்படித்தான், மாதந்தோறும் கிளினிக் கேட்பவை. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் 2017இல் திறந்த 150 கட்டில் ஆஸ்பத்திரி பெரிய நோய்க்கு வரம். மாத மாத்திரைக்கு அது தூரம்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் டாக்டர்கள் வெளிநாடு போகும் நாட்டில் டிஸ்பென்சரி தோறும் யாரை அமர்த்துவது என்று கேட்கலாம். டிஸ்பென்சரி தோறும் டாக்டர் தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் தமிழ் பேசும் பயிற்சிபெற்ற ஊழியர் ஒருவர், முறைவைத்து வரும் டாக்டர், அந்திக் கொழுந்து நிறுத்தபின் கிளினிக், நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு இரண்டு மாத மருந்து: இவை போதும். கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது. கவனிக்காத பிரஷர் பாரிசவாதமாகவும் சீனி சிறுநீரக நோயாகவும் முற்றியபின் அரசுக்கு வரும் செலவு இதைவிடப் பெரிது. பொறுப்பேற்றால் கம்பனிகள் கடமையிலிருந்து நழுவும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் கட்டடம், தண்ணீர், வாகனம், கிளினிக் நாளுக்கு அரைப்பேர் ஆகியவை கம்பனியின் சட்டக் கடமையாக இருக்க வேண்டும். வைத்தியத் தீர்மானம் மட்டும் அதன் கையைவிட்டுப் போக வேண்டும்.

பெயர்ப்பலகை மாறி, டிஸ்பென்சரி மூடப்பட்டு, நோயாளி டவுனுக்கு அனுப்பப்பட்டால் அது பொறுப்பேற்பு ஆகாது. வருடத்தில் ஒரு தொழிலாளி வைத்தியத்துக்காக எத்தனை பேர் இழக்கிறார் என்று சுகாதார அமைச்சு கணக்கெடுக்கட்டும். அந்த எண்ணிக்கை குறையாதவரை தோட்டத்தில் இலவச வைத்தியம் இருப்பதாகச் சொல்ல முடியாது.