பதம் பார்த்து ஓட்டிய சால்

கமுதிப் பக்கம் புஞ்சையில் உளுந்தும் பாசிப்பயறும் போடுகிறவர்கள் தண்ணீர் பாய்ச்சுவது அபூர்வம். குண்டாற்றில் வெள்ளம் வருவது சில நாள்தான். கண்மாய்த் தண்ணீர் நெல்லுக்கே காணாது. 'மானாவாரி, மழையை நம்பிய விவசாயம்' என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சம்சாரியின் கைவேலையை அது பாதிகூடச் சொல்வதில்லை. பெய்த மழையை மண்ணுக்குள் பிடித்து வைத்து, 65, 70 நாள் பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது அவர் உழவு. இந்தக் கரிசலில் உழவுதான் பாசனம்.

சித்திரையில் கோடைமழை விழுந்ததும் சரிவுக்குக் குறுக்கே முதல் உழவு. ஒவ்வொரு சாலும் ஓடுகிற தண்ணீரை மறிக்கும். ஆனால் என்றைக்கு உழுவது? அங்கேதான் வித்தை இருக்கிறது. மழை விட்டதும் ஏர் பூட்டினால் மண் கொழுவில் அப்பும். புரண்ட மண் பளபளக்கும். காய்ந்தபின் அது செங்கல்தான். நாள் தள்ளினால் பாறாங்கட்டியாகப் பெயரும். சம்சாரி சாண் ஆழத்து மண்ணை அள்ளி உருண்டை பிடித்துப் பார்ப்பார். விரலில் ஒட்டாமல், கீழே போட்டால் பொலபொலவென்று உதிர வேண்டும். அந்தப் பதம் ஓரிரு நாள்தான் நிற்கும். அதைத் தவறவிடாதவர் உழுத நிலத்தைப் பார்ப்பதே ஒரு சுகம்.

ஐப்பசி அடைமழையில் கதை மாறும். பயறுக்கு நீர் தேங்கினால் ஆகாது. வேர் முடிச்சுகளுக்குக் காற்று வேண்டும், இல்லையேல் செடி மஞ்சளாகும். ஈரத்தைப் பிடித்த அதே நிலத்தில் இப்போது வடிகால் சால் இழுக்க வேண்டும். விதைத்த இருபதாம் நாள் களைக்கொத்து போடுவதும் களைக்காக மட்டுமல்ல. கரிசல் காயக் காயச் சுருங்கி வெடிக்கும்; வெடிப்பு வழியே அடியீரம் போய்விடும். மேல்மண்ணைக் கொத்திவிட்டால் அந்த வாய் மூடும். பண்ணைக்குட்டை வைத்திருப்பவர் பூக்கும் சமயத்தில் ஒரு தண்ணீர் விட்டால் காய் திரளும். இல்லாதவருக்கு மூடிய வெடிப்புதான் துணை.

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் கரிசல் மானாவாரியை ஆராய்ந்து வருகிறது. குறுக்குழவையும் மழைநீரைத் தேக்கும் பகுதிப் பாத்தியையும் வேளாண் துறை இன்றும் சிபாரிசு செய்கிறது.

இப்போது மாட்டு ஏர் அருகிவிட்டது. அதில் எனக்குக் குறையில்லை. கொத்துக்கலப்பையும் நல்ல உழவு உழும். வாடகை டிராக்டர் கிடைத்த நாளே உழவு நாள் என்றானதுதான் வருத்தம். ரோட்டவேட்டரில் மாவாக்கிய மண் ஒரு மழையில் மேலே ஓடுகட்டி, முளையை அமுக்கிவிடும். கமுதிச் சம்சாரிகளே, டிராக்டர்காரருக்குப் போன் போடுமுன் ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். பதம் வரவில்லையென்றால், நாளை வரச் சொல்லுங்கள்.